நேர்ந்துவிட்ட கிளி

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில், தங்கையன் வீட்டுக் கிளியைச் சமயபுரத்து ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்டதாகப் பவுனம்மாள் அறிவித்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அதைக் கேட்ட வள்ளிக்கண்ணு கையிலிருந்த சோற்றுக் கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தாள். கரண்டி பட்ட இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்தது. மற்றபடி யாருக்கும் காயமில்லை.

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பவுனம்மாள் தங்கையனின் அக்கா. இருபத்திரண்டு வயதில் தாலியை இழந்து தம்பியிடம் வந்தவள். வரும்போது இரண்டு சொத்து கொண்டுவந்தாள். ஒன்று, இரண்டு காதிலும் தொங்கும் தங்கத் தண்டட்டி. மற்றது வாய். இன்று வயது நாற்பத்தெட்டு, இரண்டும் தேயவில்லை.

வள்ளிக்கண்ணு தங்கையனின் மனைவி. பச்சைமலை அடிவாரத்தில் பிறந்தவள். ஆறு வருஷத்துக்கு முன் கல்யாணமாகி வரும்போது, அப்பா மரப்பொந்தில் எடுத்து வளர்த்த கிளியையும் மூங்கில் கூண்டோடு கொண்டுவந்தாள். கிளியின் பெயர் சொக்கன். வந்த அன்றே பவுனம்மாளின் விரலைக் கொத்தியது. அந்த வீட்டில் சண்டை தொடங்கிய தேதியை அப்படித்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

போன தை மாதம் வள்ளிக்கண்ணுவுக்கும் அவளுடைய நாலு வயது மகள் மாரியாயிக்கும் ஒரே நேரத்தில் அம்மை போட்டது. பதினோரு நாள் தாய் முன் அறையிலும் மகள் பின் அறையிலும் கிடந்தார்கள். தாய்க்கு நினைவே இல்லை. தங்கையன் பகலெல்லாம் ஒர்க்ஷாப்பில் இருந்தான். வேப்பிலையால் விசிறியதும், வாயில் இளநீர் விட்டதும், மூன்று தண்ணீர் ஊற்றி இருவரையும் எழுப்பி உட்கார வைத்ததும் பவுனம்மாள் ஒருத்திதான்.

வள்ளிக்கண்ணு அவள் காலில் விழுந்திருப்பாள். அதற்குள் பவுனம்மாள் அந்த வேண்டுதலைச் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் பிழைத்தால் கிளியைச் சமயபுரத்தில் கொண்டுபோய் விடுவதாக நேர்ந்துகொண்டாளாம். மாசிக் கடைசி ஞாயிறு, பூச்சொரிதல் அன்று, கோயில் வாசலில் விட்டுவிட வேண்டுமாம்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, இதுதான் அது. கோழி நேர்ந்துவிடலாம், ஆடு நேர்ந்துவிடலாம், தன் தலைமுடியை நேர்ந்துகொள்ளலாம். அடுத்தவள் கிளியை நேர்ந்துவிடுகிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது. அதுவும் சொக்கன் சிறகு வெட்டிய கிளி. ஒரு முழம் கூடப் பறக்காது. பூச்சொரிதல் கூட்டத்தில் மேலே பருந்தும் கீழே நாயும் நடுவில் ஆயிரம் காலும் இருக்க, அரை மணி நேரம் தாங்குமா?

அது ஆத்தாள் பாடு என்றாள் பவுனம்மாள். நேர்ந்துவிட்டதைக் கொஞ்சக்கூடாது என்று சொல்லி, அன்றே கூண்டின் மேல் சாக்கைப் போட்டு மூடினாள். இரை வைக்கக்கூட அவள்தான் சாக்கைத் தூக்குவாள். இருட்டில் சொக்கன் பேச்சை நிறுத்திவிட்டது. தங்கையனிடம் போனால், நேர்ந்தது நேர்ந்ததுதான், அக்கா இல்லாவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் இன்று இல்லை என்று சொல்லிவிட்டுச் சைக்கிளுக்குக் காற்று அடிக்கப் போய்விட்டான்.

வள்ளிக்கண்ணு வேறு கணக்குப் போட்டாள். கிளிக்கு ஈடாக ஆத்தாளுக்குத் தன் கையால் அக்கினிச் சட்டி எடுப்பதாகத் தனியாக வேண்டிக்கொண்டாள். கிளிக்கு ஒரு நல்ல வீடு பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வாய்ப்பு வந்தது. ஒர்க்ஷாப் சங்கு ஊதித் தங்கையன் போனதும், பூவுக்குச் சொல்லி வைக்கப் பவுனம்மாள் காந்தி மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். குழந்தையையும் கூட்டிக்கொண்டாள். போகிற போக்கில் கூண்டின் சாக்கை ஒரு முறை இழுத்துச் சரி செய்தாள். அவள் தெருமுனை திரும்பும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற வள்ளிக்கண்ணு, சாக்கோடு கூண்டைக் கொக்கியிலிருந்து இறக்கினாள்.

எங்கே போவது என்பது முன்பே தீர்மானமான விஷயம். பக்கத்து வீட்டு லூர்துராணி நர்ஸ் வேலை பார்ப்பவள். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் குமுதவல்லி அம்மாள் என்று ஒருவர் இருக்கிறார், அவர் பத்து வருஷம் வளர்த்த கிளி பொங்கலுக்கு முன் செத்துவிட்டது, ஆள் உயரக் கூண்டு காலியாகக் கிடக்கிறது என்ற செய்தியை அவள்தான் கொண்டுவந்தாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். சாக்குக்குள் கோழியா என்று கண்டக்டர் அதட்டினான். கிளி என்றதும், அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னான். எடுத்தாள். அவள் முகத்தில் அம்மை வடு இன்னும் கறுப்பு மாறாமல் இருந்தது. பஸ்ஸில் அத்தனை கூட்டம் நின்றும் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. காவேரிப் பாலம் தாண்டும் வரை, சாக்குக்குள் விரலை விட்டுக் கிளியின் தலையைத் தடவிக்கொண்டே போனாள். அது கொத்தாமல் இருந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

குமுதவல்லி அம்மாள் சிரித்த முகத்தோடு வரவேற்கிற ரகமில்லை. ஒல்லியான உடம்பு, நெற்றியில் ஒற்றைக் கோடு ஸ்ரீசூர்ணம், கண்ணில் கண்டிப்பு. முதலில் வள்ளிக்கண்ணுவின் முகத்தைத்தான் பார்த்தார். தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்றா, எத்தனை நாளாயிற்று என்று விசாரித்துக்கொண்டு, நடையிலேயே நிற்கச் சொன்னார். பிறகு சாக்கை விலக்கி, பெண் பார்க்க வந்தவர் போலக் கிளியைப் பார்த்தார். மூக்கு, கால், நகம், கழுத்துச் சிவப்பு ஒன்றையும் விடவில்லை.

"இது என்ன ஆகாரம் சாப்பிடும்?"

"கோவைப்பழம், கொய்யா, பச்ச மொளகாங்க."

"வேற ஒண்ணும் கொடுத்துப் பழக்கலையே?"

பவுனம்மாள் பொரித்த நெத்திலியில் ஒன்று இரண்டு கூண்டுக்குள்ளும் போயிருக்கிறது. வள்ளிக்கண்ணு தலையைப் பலமாக ஆட்டி இல்லை என்றாள். கோயிலுக்கு நேர்ந்துவிட்டது எதுவும் இல்லையே என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் இல்லை என்று தலையாட்டினாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, கிளியைக் கவனிக்க முடியவில்லை, அதனால்தான் கொடுக்கிறேன் என்றாள்.

அந்த அம்மாள் கூண்டைத் தாமே உள்ளே எடுத்துப் போனார். முற்றத்தில் வெயில் விழுகிற மூலையில் பெரிய கூண்டு நின்றது. உள்ளே குறுக்குக் கட்டை, தண்ணீருக்குப் பித்தளைக் கிண்ணம், ஏறி விளையாட ஒரு வளையம். சொக்கனைக் கையில் துணி சுற்றிப் பிடித்து அதற்குள் விட்டார். தண்ணீர் தெளித்தார். ஊறவைத்த கடலையும் கொய்யாத் துண்டும் வைத்தார். முகத்தில்தான் கடுமை, கை மெத்தென்று வேலை செய்தது. இந்த அம்மாள் கிளியைச் சாக விடமாட்டார் என்று வள்ளிக்கண்ணுவுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை.

முப்பது நாளைக்குப் பிறகு வெயிலைப் பார்த்த சொக்கன் ஈரச் சிறகை உதறியது. கொய்யாவைக் கொறித்தது. வளையத்தில் ஏறி இப்படியும் அப்படியும் நடந்தது. பிறகு பேசியது.

"ஆத்தா, ரெண்டு பேரையும் விட்டுடு. தண்டட்டி தந்துடறேன்."

கரகரப்பான பெண் குரல். இழுத்து இழுத்துக் கெஞ்சுகிற குரல். பவுனம்மாள் அந்த முற்றத்தில் வந்து நின்றிருந்தால்கூட அவ்வளவு அசலாக இருந்திருக்காது. நிறுத்தி, மறுபடியும் அதையே சொன்னது. மூன்றாம் முறையும் சொன்னது.

வள்ளிக்கண்ணு நடைச்சுவரில் சாய்ந்துகொண்டாள். கூண்டு தொங்கிய பின்தாழ்வாரத்தில் நின்று பதினோரு நாளும் பவுனம்மாள் வேண்டியது இதுதான். தன் காதில் கிடப்பதைக் கழற்றித் தருகிறேன் என்று வேண்டியிருக்கிறாள். இருவரும் பிழைத்து எழுந்ததும் தங்கத்தை விட மனம் வரவில்லை. வேண்டுதலை மாற்றிவிட்டாள். தண்டட்டிக்கு மாற்றாகக் கிளியையே பிடித்துக்கொண்டாள். கேட்டதைத் திருப்பிச் சொல்லக்கூடிய ஒரே வாய் அதுதான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சாக்கு எதற்கு என்பதும் இப்போது விளங்கியது.

வள்ளிக்கண்ணுவைப் பிடித்துப்போன வாசகர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிப் போகலாம். அவள் சந்தோஷப்பட்டாள். ஆறு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அனுபவித்ததில்லை. 'ரெண்டு பேரையும்' என்ற வார்த்தை மட்டும் ஒரு கணம் குறுக்கே வந்தது. தனக்கும் சேர்த்துத்தான் அந்தப் பொம்பளை கெஞ்சியிருக்கிறாள். அதை அவள் நினைக்க விரும்பவில்லை. அக்கா அக்கா என்று உருகுகிறானே தங்கையன், அவன் முன்னால் இந்தக் கிளி வாயைத் திறந்தால் போதும்.

குமுதவல்லி அம்மாள் சும்மா இல்லை. நேர்ந்தது எதுவும் இல்லை என்று சொன்னாயே என்று கேட்டார். வள்ளிக்கண்ணு உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் பெரிய கூண்டின் கதவைச் சரியாகச் சாத்தினார்.

"தெய்வத்துக்கிட்ட ஒருத்தி சொன்னது இதன் காதுல விழுந்துடுத்து. அது இதன் தப்பில்லை. இங்கேயே இருக்கட்டும். தினம் பெருமாள் திருநாமத்தைச் சொல்லிண்டே இருந்தா, ஒரு மாசத்துல பழசை மறந்துடும்."

மறந்துவிடும் என்ற சொல்தான் வள்ளிக்கண்ணுவைத் தூக்கிவாரிப்போட்டது.

"மறக்க வேண்டாங்கம்மா. கிளியக் குடுத்துடுங்க. எனக்கு வேணும்."

"இதுக்கு இடம் தேடிண்டுதானே வந்தே?"

"ஆமாங்க. இப்ப இதுதாங்க எனக்குச் சாட்சி."

அவர் வற்புறுத்தவில்லை. ஆனால் பெரிய கூண்டிலிருந்து சொக்கனைப் பிடிப்பது லேசில் ஆகவில்லை. அது வளையத்தை விட்டு வர மறுத்தது. அவர் கையில் ரத்தம் வரக் கொத்தியது. மூங்கில் கூண்டில் அடைத்துச் சாக்கைப் போட்டதும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது.

"சண்டை போடறதுக்கு ஒரு பிராணியைத் தூக்கிண்டு போறே. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவாளுக்கு இந்தக் கதவு ரெண்டாந்தரம் திறக்காது, பார்த்துக்கோ" என்றார் குமுதவல்லி அம்மாள். சொன்னபடியே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார்.

காலியான கொக்கியைப் பார்த்ததும் பவுனம்மாள் பொன்மலையையே இரண்டாக்கியிருந்தாள். வேலை முடிந்து வந்த தங்கையனிடம், உன் பொண்டாட்டி ஆத்தாள் சொத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள், பிள்ளைக்கு மறுபடி ஏதாவது வந்தால் அவள்தான் பொறுப்பு என்று சொல்லி அழுதாள். அழுகை பொய்யில்லை, பயத்தில் வந்தது. கிளி எந்த ஊரில் என்ன பேசிக்கொண்டிருக்கிறதோ என்ற பயம்.

கூண்டும் கையுமாக உள்ளே வந்த வள்ளிக்கண்ணுவைத் தங்கையன் வாசலிலேயே மறித்தான். எங்கேடி போனே என்று கேட்டான். ஸ்ரீரங்கத்தில் ஒரு அம்மா கிளியை வைத்துக்கொள்கிறேன் என்றார், அங்கே விட்டே விட்டேன், அப்போது அது பேசியது, கேட்டதும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்றாள் அவள். கூடத்தின் நடுவில் கூண்டை வைத்துச் சாக்கை உருவி எறிந்தாள்.

"உங்கக்கா ஆத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டது கிளிய இல்ல. தண்டட்டிய. இப்ப இதோட வாயாலயே கேளுங்க."

பவுனம்மாளின் முகம் வெளுத்தது. தங்கையன் கிளியைப் பார்த்தான். மூவரும் கிளியைப் பார்த்தார்கள்.

சொக்கன் பேசவில்லை. பஸ்ஸில் குலுங்கி வந்த களைப்போ, பிடிபட்ட கோபமோ, சிறகை உப்பிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றது. வள்ளிக்கண்ணு கொஞ்சினாள். கொய்யாத் துண்டை நீட்டினாள். பொறுமை போய்க் கூண்டைப் பிடித்து உலுக்கினாள். கிளி கம்பியைக் கவ்விக்கொண்டு நடுங்கியது.

பவுனம்மாளுக்குத் தைரியம் திரும்பியது. "பேசச் சொல்லேன். ஆறு வருசமா நீ பேசினது பத்தலன்னு இப்ப கிளிக்கு வேற சொல்லிக் குடுத்தியா?" என்றாள். பதினோரு நாள் மலமும் சலமும் அள்ளியதற்குத் தம்பி பெண்டாட்டி தருகிற கூலி இது என்றாள். தங்கையன் பற்களைக் கடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய் விடுகிறேன், இனி யாரும் இதைப் பற்றிப் பேசக்கூடாது என்றான். கீழே கிடந்த சாக்கை எடுத்துக் கூண்டை மூடப் போனான்.

"மூடாதப்பா. சொக்கன் சொல்றது எனக்குத் தெரியும்."

மாரியாயிதான் சொன்னாள். இவ்வளவு நேரமும் பின்வாசல் படியில் உட்கார்ந்து, மார்க்கெட்டில் அத்தை வாங்கித் தந்த பொரிகடலையைத் தின்றுகொண்டிருந்தாள். அம்மையில் படுத்திருந்தபோது அவள் கட்டிலுக்கு நேர் எதிரேதான் பின்தாழ்வாரத்து ஜன்னல். குழந்தை எழுந்து நின்றது. வடக்குப் பக்கம், சமயபுரம் இருக்கிற திசைக்குத் திரும்பிக்கொண்டது. இரண்டு கையாலும் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டது.

"ஆத்தா, ரெண்டு பேரையும் விட்டுடு. தண்டட்டி தந்துடறேன்" என்றது. பிறகு அத்தை செய்தது போலவே கையைத் தலைக்கு மேல் குவித்தது.

வார்த்தையைக் கிளிக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அந்தக் காதைப் பிடித்த கையை யாரால் சொல்லிக் கொடுக்க முடியும்? தங்கையனின் கையிலிருந்து சாக்கு நழுவியது. அக்கா என்று மட்டும் கூப்பிட்டான்.

பவுனம்மாள் மறுக்கவில்லை.

"ஆமாடா. நேர்ந்துக்கிட்டேன். அப்ப இது ரெண்டும் எனக்குப் பெருசாத் தெரியல. எந்திரிச்சு உக்காந்ததும் தெரிஞ்சிச்சு. நாளைக்கு நான் படுத்தா, இது காதுல கிடக்கிறவரைக்கும்தான் இந்த வீட்ல எனக்கு ஒரு வாய்க் கஞ்சி. இல்லைன்னா உம் பொண்டாட்டி ஊத்துவாளா? அவளையே கேளு."

ஊற்றுவேன் என்று வள்ளிக்கண்ணு சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை. ஜெயித்தவள் முகம்தான் அவளுக்கு அப்போது இருந்தது. தங்கையன் அதைப் பார்த்தான். அவன் கோபம் அக்காவை விட்டு அவள் பக்கம் திரும்பியது.

"மத்தியானமே உனக்குத் தெரியும். அந்தம்மா வெச்சுக்கறேன்னாங்கதான? கிளிய அங்கயே விட்டுட்டு, எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? எங்கக்காளக் கூண்டுல ஏத்தணும்னுதான தூக்கிட்டு வந்த?"

வள்ளிக்கண்ணு பதில் சொல்வதற்குள் பவுனம்மாள் வலது காதில் கை வைத்தாள். இருபத்தாறு வருஷம் திறக்காத திருகு. வலியில் கண்ணீர் வந்தது, நிறுத்தவில்லை. கழன்று வந்ததும் தொங்கிய காது வெறுந்தோலாக ஆடியது. அந்தத் தண்டட்டியைக் கூண்டின் இரைக் கிண்ணத்தில் போட்டாள். டங் என்று விழுந்தது. சொக்கன் பயந்து ஒதுங்கியது.

இடது காதைத் தொடவில்லை. வள்ளிக்கண்ணு பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு உசிருக்கு ரெண்டு நேர்ந்தேன். ஒண்ணு குடுத்தாச்சு. எங் கெஞ்சல எனக்கே திருப்பிச் சொல்ற பிராணி இருக்கிற வீட்ல இன்னொண்ண நான் கழட்ட மாட்டேன். ஞாயித்துக்கெழம விடியறதுக்குள்ள கிளி வாசலத் தாண்டிப் போயிடணும். எங்க விடுவியோ, அது உம் பாடு. அது போனாத்தான் இது வரும்."

சொல்லிவிட்டு, ஒரு காது மூளியாக, ஒரு காது கனமாக, அடுப்படிக்குப் போய் அடுப்பை மூட்டினாள். வழக்கமான நேரத்துக்கு உலை வைத்தாள்.

தங்கையன் கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். ஸ்ரீரங்கத்து அம்மா இன்னும் கிளியை வைத்துக்கொள்வார்களா என்று தணிந்த குரலில் கேட்டான்.

வள்ளிக்கண்ணு குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவள் காதிலேயே இருந்தது. கிண்ணத்தில் கிடந்த அந்த ஒற்றைத் தண்டட்டி யாருடைய உயிருக்கு, கழற்றாத மற்றொன்று யாருடைய உயிருக்கு என்று பவுனம்மாளைக் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கப் பயமாக இருந்தது. மாரியாயி அவள் மடியில் படுத்தபடியே, தன் காதுகள் இரண்டையும் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.